நான்கு லட்சத்துக்கு வாங்கிய பெயர்

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒன்றரைப் பக்கம். வத்தலக்குண்டில் ஒரு பத்திர எழுத்தர் எழுதியது. கொடைக்கானலில் பத்துக்கு எட்டு அடி இடத்தில் இருந்த ஒரு சுருட்டுக் கடையை ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். சரக்குக்கு ஒன்றரை லட்சம். கண்ணாடி அலமாரி, மேசை, நாற்காலிக்கு ஐம்பதாயிரம். ‘குட்வில் வகைக்கு’ நான்கு லட்சம். 2012 மே மாதம், கோடை விழாவுக்கு ஊரே நிரம்பி வழிந்துகொண்டிருந்த நாட்களில் கையெழுத்தானது. அந்த நான்கு லட்சத்துக்கு வாங்கியவர் உண்மையில் எதை வாங்கினார்? இந்தக் கேள்விக்குத்தான் சார்பு நீதிமன்றத்தில் இரண்டு வருடத்துக்கும் மேல் வழக்கு நடந்தது. நான் விற்றவருக்காக ஆஜரானேன்.

வாங்கியவர் வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தேழு. கீழே திண்டுக்கல்லில் வெயிலில் கிடந்தது போதும், மலையில் ஒரு சின்னக் கடையைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். விற்ற பெரியவருக்கு எழுபது தாண்டியிருந்தது. சொந்த ஊர் பண்ணைக்காடு. ஏறக்குறைய நாற்பது வருடம் அதே கடையில் உட்கார்ந்தவர். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர்கள், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள், கிளப்புக்கு வரும் பழைய ஆட்கள், வெள்ளைக்காரப் பயணிகள் என்று அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. யாருக்கு எந்தச் சுருட்டு, யாருக்கு மருத்துவர் தடை போட்டிருக்கிறார், யார் மனைவிக்குத் தெரியாமல் வாங்குகிறார் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எங்கள் மாவட்டத்துக்குச் சுருட்டு புதிதல்ல. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை வெள்ளைக்காரர் காலத்தில் பேர்போனது. சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948ல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பெரியவர் இந்தப் பெருமையை நன்றாக விற்கத் தெரிந்தவர். “சர்ச்சில் குடிச்சது நம்ம திண்டுக்கல் சுருட்டுத்தான் சார்” என்பது கடைக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்டே தீரவேண்டிய வசனம். வாதியின் வழக்குரையில், பொய் சொல்லி ஏமாற்றியதற்கு முதல் உதாரணமாக இதையே போட்டிருந்தார்கள்! நீதிபதி சிரித்துவிட்டார். சரக்கைப் புகழ்ந்து பேசுவது வேறு, உண்மைக்கு மாறாக உறுதி கொடுப்பது வேறு. முதலாவதை நம்பிப் பணம் கொடுத்தவருக்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. திருச்சிச் சுருட்டுக்காவது ஒரு சாட்சி உண்டு. 1887ல் வந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். திண்டுக்கல் சுருட்டுக்குச் சர்ச்சிலைக் கூண்டில் ஏற்ற எங்களுக்கு வழியில்லை.

வாதியைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் அதிகம் கேட்கவில்லை.

“வங்கியில் கடன் கேட்டு வரும் வியாபாரியிடம் எத்தனை வருடக் கணக்குக் கேட்பீர்கள்?”

“மூன்று வருடம்.”

“இந்தக் கடைக்கு எத்தனை வருடக் கணக்குப் பார்த்தீர்கள்?”

பதில் வரவில்லை. நீதிபதி மறுபடி கேட்டபோது, “சீசனில் பத்து நாள் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன்” என்றார்.

கேடு அந்தப் பத்து நாளில்தான் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் எதை வைத்தாலும் விற்கும். ஜூலையில் தெருவில் ஆள் இருக்காது. அக்டோபரில் பூஜை விடுமுறைக்கு ஒரு கூட்டம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கூட்டம், நடுவே வடகிழக்குப் பருவமழை. பெரியவரின் பழுப்பேறிய நோட்டுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். வருட விற்பனை ஏறத்தாழ ஒன்பது லட்சம். அதில் ஆறு லட்சம் சிகரெட்டும் பீடியும். அந்த ஆறு லட்சத்தில் நின்றது ஐம்பத்து நாலாயிரம், நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கணக்கில். சுருட்டு இரண்டு லட்சத்துக்குப் போனது, நின்றது அறுபதாயிரம். லைட்டர், தீப்பெட்டி, மிட்டாய் வகையில் இருபதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம். கடை வாடகை மாதம் நாலாயிரம், கடைப் பையனுக்கு மூவாயிரம், கரண்டும் இதர செலவும் வருடத்துக்கு எட்டாயிரம். கழித்தால் மிச்சம் நாற்பத்திரண்டாயிரம். அந்த வருடம் வங்கியில் நிரந்தர வைப்புக்கு ஒன்பது சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு லட்சத்தைப் போட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தாலும் ஐம்பத்து நாலாயிரம் வந்திருக்கும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடிய மனிதருக்கு இந்தக் கணக்கு ஏன் தோன்றவில்லை? ஸ்வெட்டரும் மஃப்ளரும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரக்கில் மூன்றில் ஒரு பங்கு பூஞ்சணம் பிடித்தது என்பது இன்னொரு புகார். பெரியவர் கூண்டில் ஏறிச் சொன்ன விளக்கம் எனக்கே புதிது. சிகரெட் மாதிரி இல்லை சுருட்டு. காய்ந்தால் உதிரும், நமத்தால் பூக்கும். மழை மாதங்களில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவாராம். அந்தச் சூட்டில் ஈரம் மட்டுப்படும். வாங்கியவர் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு அந்தப் பல்பைக் கழற்றிவிட்டார். “நான் சொல்லித்தான் குடுத்தேன் ஐயா” என்றார் பெரியவர். வாதி மறுக்கவில்லை. அந்தப் புகார் அத்தோடு போயிற்று.

அடுத்தது நூறு கஜம். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டம், ஆறாவது பிரிவு: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக்கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. நூறு கஜம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். கடைக்கு மேலே சரிவில் ஒரு பள்ளி இருந்தது. கடையிலிருந்து அதன் வாசலுக்கு நடந்து போக வேண்டுமென்றால் சாலை வளைந்து வளைந்து போய் முந்நூறு மீட்டருக்கு மேல் ஆகும். அந்தத் தைரியத்தில் பெரியவர் நாற்பது வருடமாக, சட்டம் வந்த பிறகும், விற்றுக்கொண்டிருந்தார். கடை கைமாறிய நாலாவது மாதம் சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் போட்டார். அந்தப் பிரிவில் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். ஆனால் நாளைக்கு மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அதற்கு விலை போட முடியுமா? சுருட்டு விற்க முடியாத சுருட்டுக் கடைக்குக் குட்வில் என்ன?

தூரத்தை அளக்க அட்வகேட் கமிஷனர் நியமிக்கப்பட்டார். கூடவே தாலுகா சர்வேயர், சங்கிலி, புல வரைபடம். நாங்கள் இரு தரப்பும் போய் நின்றோம். நடைதூரத்தை அளக்க வேண்டும் என்று நான் மனு கொடுத்துப் பார்த்தேன். விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து ஆரமாக, அதாவது பறவை பறக்கும் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. சமவெளியில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. மலையில் வரும். சரிவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சர்வேயரின் உதவியாளர் தைல மரங்களுக்கு இடையே ஏறினார். மூன்று மணிக்கு மஞ்சு இறங்கி, பள்ளிச் சுவரே கண்ணுக்குத் தெரியாமல் போக, மறுநாளும் வர வேண்டியதாயிற்று. விடை 74 மீட்டர். கொடைக்கானல் பள்ளிகளால் பேர் வாங்கிய ஊர். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் அங்கே எத்தனை பெட்டிக்கடை தேறும் என்பதை ஊர்க்காரர்களே சொல்லட்டும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. சட்டம் தடுத்த இடத்தில் நடக்கும் வியாபாரத்தை விற்றது ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது, ஆகவே 65ஆம் பிரிவின்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றார். என் பதில் 19ஆம் பிரிவின் விதிவிலக்கு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்கிற இடத்தில், எதிராளி பேசாமல் இருந்தார் என்று சொல்லி ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. பள்ளியின் மணிச் சத்தம் கடைக்குள் கேட்கும். பத்து நாள் உட்கார்ந்தவருக்கு அது கேட்கவில்லையா?

இதற்கு நடுவில் சுருட்டு விற்பனையும் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. காரணம் எளியது. தோட்டக்காரர்கள் பெரியவர் பின்னாலேயே போய்விட்டார்கள். பண்ணைக்காட்டு வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருப்பார். தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் நின்று பேசி, ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். குட்வில் என்பது பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்ப வரும் வாய்ப்பு என்று 1810லேயே எல்டன் பிரபு சொல்லிவைத்தார். இங்கே வாடிக்கையாளர்கள் இடத்துக்கு வரவில்லை, ஆளிடம் போனார்கள். குட்வில்லை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லும். 27ஆம் பிரிவின் விதிவிலக்கு அது. எழுதியும் இருந்தார்கள், ‘கொடைக்கானல் நகராட்சி எல்லைக்குள்’ என்று. பண்ணைக்காடு தனிப் பேரூராட்சி. அந்த ஒரு வரியைப் பத்திர எழுத்தர் தாலுகா என்று எழுதியிருந்தால் என் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

இதுவரை வழக்கு என் பக்கம்தான் இருந்தது. அப்போது கட்டட உரிமையாளரைச் சாட்சியாக அழைத்தார்கள். மதுரையிலிருந்து வந்தவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று 2012 ஏப்ரலில் அவர் பெரியவருக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸின் நகல்: கடையைக் கைமாற்றப் போவதாகக் கேள்விப்படுகிறேன், என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுத்தால் காலி செய்ய வைப்பேன். மற்றது பெரியவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. எழுத்துச் சம்மதமின்றி வாடகை உரிமையை மாற்றினால் அதன் 10(2)(ii)(அ) பிரிவே வெளியேற்றப் போதும். அந்தப் பிரிவின் கீழ்தான் 2013ல் வாங்கியவரை வெளியேற்ற உத்தரவும் ஆகியிருந்தது.

மதிய இடைவேளையில் பெரியவரிடம் கேட்டேன்.

“ஏன் ஐயா, என்கிட்டகூடச் சொல்லலையே?”

“அவரும் கேக்கல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

கேட்காததைச் சொல்லாமல் இருப்பதற்கும் ஒப்பந்தச் சட்டத்தில் இடம் உண்டுதான். வெறும் மௌனம் மோசடி ஆகாது. ஆனால் முத்திரைத்தாளின் கடைசிப் பத்தியில், நம் பத்திர எழுத்தர்கள் கை தானாக எழுதும் அந்த வரி இருந்தது: ‘மேற்படி கட்டடம் மற்றும் வாடகை உரிமை சம்பந்தமாக யாதொரு வில்லங்கமும் இல்லை.’ எல்லாப் பத்திரத்திலும் வரும் சடங்கு வரி, பெரியவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை என்று வாதாடினேன். வேறு என்ன செய்ய?

2014 இறுதியில் தீர்ப்பு வந்தது. சர்ச்சில், பூஞ்சணம், பண்ணைக்காட்டுத் திண்ணை மூன்றும் தள்ளுபடி. கடையில் சட்டப்படி விற்கக்கூடிய வேறு பொருள்களும் இருந்ததால் ஒப்பந்தம் முழுதும் செல்லாததல்ல என்றும், நூறு கஜம் வாதியே பார்த்திருக்க வேண்டியது என்றும் நீதிபதி சொன்னார். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே வில்லங்கம் இல்லை என்று கையெழுத்திட்டது மௌனமல்ல, தெரிந்தே சொன்ன பொய். 17ஆம் பிரிவின் மோசடி. சாதாரணக் கவனம் என்ற விதிவிலக்கு இதற்குப் பொருந்தாது. குட்வில் நான்கு லட்சத்தில், வாதி ஒரு வருடம் கடையை நடத்தி அனுபவித்ததற்கு ஒரு லட்சம் கழித்து, மூன்று லட்சத்தை ஆறு சதவீத வட்டியோடு திருப்பித் தர உத்தரவு. என் கட்சிக்காரருக்கு எதிரான தீர்ப்புத்தான். படித்தபோது சரி என்றே பட்டது.

அதற்குப் பிறகு சட்டமும் வரியும் மாறிவிட்டன. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சுருட்டு 28 சதவீத அடுக்கில் விழுந்தது, அதன்மேல் இழப்பீட்டு வரி வேறு. 1960 சட்டம் போய், 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடப்புக்கு வந்தது; இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மலையில் ஒரு கடை வாங்கலாமா என்று இன்றும் யாராவது வருகிறார்கள். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். சுருட்டுக் கடை என்றால் பக்கத்தில் பள்ளி எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு வருவதில்லை.

இரு தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை. பெரியவர் பண்ணைக்காட்டில் ஒரு துண்டு நிலத்தை விற்று, பணத்தை இரண்டு தவணையாக நீதிமன்றத்தில் கட்டினார்.