மாமியின் அறைக்கு வைத்த கூரை யன்னல்: வேலையும் செலவும்



எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு சீற் மட்டும் பளபளவென்று தெரிவதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "சேர், சோலார் பூட்டிட்டீங்களா?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர். "எவ்வளவு முடிஞ்ச?" என்று பள்ளிவாசல் வாசலில் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் முழு விபரத்தையும் செலவோடு இங்கேயே எழுதி வைக்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். (சோலார் இல்லை. அதற்கான காசு இருந்தால் முதலில் மதிலைக் கட்டியிருப்பேன்.)

காத்தான்குடியில் வீடுகள் எப்படி முளைக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வளவு ஒன்றுதான், பிள்ளைகள் மூன்று. என் மாமனார் இருபது பேர்ச் வளவுக்குள் முன்பக்கம் மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டினார், கிழக்குப் பக்கம் இரண்டாவது மகளுக்கு ஒன்று. பழைய வீடு கடைசி மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு. மேற்கே பக்கத்து வளவுக்காரர் இரண்டு மாடி எழுப்பிவிட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் தங்கள் காணிக்குள்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய வீட்டின் நடு அறைக்கு இருந்த ஒரே யன்னலுக்கும் இரண்டாவது மதினியின் குசினிச் சுவருக்கும் இடையில் இப்போது ஒன்றரை அடிதான் இருக்கிறது. அந்த யன்னலைத் திறந்தால் புகையும் வரும், அவர்கள் பேசுகிற பேச்சும் வரும். அதனால் பல வருடமாக மூடியே கிடக்கிறது.

அந்த அறையில்தான் மாமி இருக்கிறா. வயது 74. ஒரு கண்ணில் வெள்ளை வெட்டியிருக்கிறது. முன் அறையைத் தருகிறோம், வாருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டோம். வரமாட்டா. மூன்று பிள்ளைகளையும் பெற்றெடுத்தது அந்த அறையில். மாமா மௌத்தானதும் அந்த அறையில்தான். அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?

2022 பங்குனி கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் முதல் தடவையாகக் கவனித்தேன், பகல் பதினொரு மணிக்கு மாமி சுவரைத் தடவிக்கொண்டு வந்து, "மஃரிபு ஆகிட்டா மகன்?" என்று கேட்டா. கரண்ட் இல்லாததால் வந்த குழப்பம் என்று நினைத்தோம். மின்வெட்டு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி சுபஹுக்குத் தயாராவதும், லுஹர் நேரத்தில் நல்ல தூக்கத்தில் கிடப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவில் குளியலறைக்குப் போகிற வழியில் விழுந்தா. எலும்புக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மனைவிக்கு அன்றிலிருந்து நித்திரை போய்விட்டது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை இரவையும் பகலையும் கணக்கெடுக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மாமியின் அறையிலோ இருபத்துநான்கு மணித்தியாலமும் ஒரே 9 வோட்ஸ் பல்புதான். அந்த மனிசிக்கு விடிவது எப்படித் தெரியும்?

சுவரில் வழியில்லை. மிச்சம் இருப்பது கூரை.

முதலில் வெளிநாட்டில் பூட்டுகிற மாதிரி, திறந்து மூடக்கூடிய உண்மையான கூரை யன்னலைத்தான் விசாரித்தேன். டென்மார்க்கில் 1941 இல் தொடங்கிய வெலக்ஸ் கம்பனிதான் இதில் பெயர்போனது. கொழும்பில் ஒரு இடத்தில் கேட்டதற்கு அதே மாதிரியான யன்னல் ஒன்றுக்கு நாலு இலட்சத்துக்குக் கிட்டச் சொன்னார்கள், பூட்டுகூலி வேறு. காசை விடுங்கள், அது நமக்குப் பொருந்துகிற சாமானே இல்லை. அவர்கள் நாட்டில் கூரை செங்குத்து, சூரியன் தாழ்வு, உள்ளே வருகிற வெக்கை அவர்களுக்கு இலாபம். நமக்குச் சித்திரை மாதத்தில் ஒரு தரம், ஆவணி கடைசியில் இன்னொரு தரம் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கிறது. அவர்கள் அளவுக்கு ஒரு கண்ணாடியைக் கூரையில் வைத்தால் மாமியை இடியப்பம் மாதிரி அவித்து எடுக்கலாம்.

அடுத்தது கண்ணாடி ஓடு. ஓட்டுக் கூரை உள்ளவர்களுக்கு இதைவிட இலேசான வழி கிடையாது. பழைய ஓட்டைக் கழற்றி அதே அச்சில் வருகிற கண்ணாடி ஓட்டை வைத்தால் வேலை முடிந்தது, ஓடாவிக்கு அரை நாள் கூலி. எங்கள் ஹோலுக்குத்தான் ஓடு. மாமியின் அறைக்கு மேலே இருப்பது அஸ்பெஸ்டஸ்.

இந்த அஸ்பெஸ்டஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே பாதி வீடுகளில் அதுதான். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம் இல்லை. நீல அஸ்பெஸ்டஸை நம் நாடு 1987 இலேயே தடை செய்துவிட்டது. மற்றதையும் 2018 இலிருந்து நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2017 மார்கழியில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது, பெட்டிக்குள் ஒரு வண்டு இருந்ததாம். நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புகிற பெரிய நாடும் அதே ரஷ்யாதான். அதோடு தடை பேச்சு அடங்கிவிட்டது. சீற் கூரையில் சும்மா கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை. வெட்டினால், துளைத்தால், உடைத்தால்தான் தூசு கிளம்பும். ஆகவே "கட்டர் போட்டு ரெண்டுக்கு ரெண்டு ஓட்டை வெட்டிப் பூட்டித் தாறன் சேர்" என்று சொன்ன ஒருவரை அப்போதே அனுப்பிவிட்டேன். இன்னொருவர் அந்தப் பக்கக் கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்.

மூன்றாவதாக வந்தவர் வயதான ஓடாவி ஒருவர். ஏணியில் ஏறி அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு இறங்கி, "ஒண்டையும் வெட்டத் தேவையில்ல. ஒரு சீற்றக் கழட்டி எடுத்திட்டு அதே வளைவில ட்ரான்ஸ்பேரன்ட் சீற் ஒண்டப் போடுவம்" என்றார். நான் தேடிய ஆள் இவர்தான்.

ஆனால் ஓடாவி சம்மதித்தால் போதுமா? சீதன வீட்டின் கூரையில் மருமகன் கைவைப்பது சின்ன விசயமில்லை. மூத்த மதினி ஒரே பிடியாக, "உம்மாட தலைக்கு மேல கூரையத் தொறக்கிறதா? சூறாவளி வந்தா?" என்று கேட்டா. 1978 கார்த்திகை 23 இல் அடித்த சூறாவளியை இந்தப் பக்கத்து ஆட்கள் மறப்பதில்லை. மதினி அப்போது கைக்குழந்தை. கிடுகுக் கூரை பறந்து, பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இரவைக் கழித்த கதையை மாமி நூறு தரம் சொல்லியிருக்கிறா. இந்தத் தடவையும் மாமியே பதில் சொன்னா: "கிடுகு ஊட்டுல வெளிச்சத்துக்குப் பஞ்சம் இருக்கல்ல புள்ள. ஓட்டைக்குள்ளால வெயில் பாயில உழும், அதப் பாத்துத்தான் சோறு ஆக்கின. செய்யட்டும் உடு." அதோடு பேச்சு முடிந்தது.

போன விடுமுறையில், கச்சான் காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு கிழமையில் வேலை தொடங்கினோம். மூன்று நாள். அறைக்குள் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தரையில் பொலித்தீன் விரித்து, சீற்றைத் தண்ணீரால் நன்றாக நனைத்த பிறகுதான் கொளுக்கி ஆணிகளைக் கழற்றினார்கள். இருவருக்கும் முகக்கவசம். ஓடாவி கூரையில் பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும்தான் நடந்தார். பழைய அஸ்பெஸ்டஸில் நேரே கால் வைத்தவர்கள் உடைந்து உள்ளே விழுந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ட்ரான்ஸ்பேரன்ட் சீற்றும் அப்படித்தான், ஆளின் பாரத்தைத் தாங்காது. அதற்காகவே அதற்குக் கீழே, சலாகையோடு சேர்த்து, இரும்புக் கம்பி வலை ஒன்று அடித்தோம். கள்வனுக்கும் அது தடை, தேங்காய் விழுந்தாலும் ஆறுதல்.

சீற் வாங்கும்போது மலிவானதை எடுக்காதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் இரண்டு மூன்று வருட வெயிலில் மஞ்சளாகி நொருங்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பொலிகாபனேட்தான் நல்லது. அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஒட்டியிருக்கிற தாளில் எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருப்பார்கள். திருப்பிப் போட்டால் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண். இன்னொன்று, வெயிலில் இது நீளும், இரவில் சுருங்கும். ஆணி போகிற துளை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், மேலே இறப்பர் வோஷர் இருக்க வேண்டும். அலையின் மேட்டில்தான் துளை போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் மழைத் தண்ணீர் அதே வழியாக உள்ளே வரும்.

எங்கள் கூரையின் கிழக்குச் சரிவில் அந்த அறை இருப்பது அதிர்ஷ்டம். காலை வெயில் கிடைக்கும், பின்னேரத்துக் கொதி வெயில் படாது. ஆனால் மாரி மழை வடகீழிலிருந்து சாய்வாக அடிப்பதும் அதே பக்கம்தான். அதனால் வடக்குப் பக்கச் சீற் மேலே, நம்முடையது அதற்குக் கீழே என்று காற்றுக்கு எதிராக வாய் திறக்காதபடி மேலடுக்கை வைத்தார்.

கூரையில் சீற் போட்டதும் வெளிச்சம் வந்துவிடாது, கீழே சீலிங் இருக்கிறதே. சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் வெட்டி, அங்கிருந்து கூரை வரைக்கும் பிளைவூட்டில் ஒரு பெட்டி மாதிரி அடித்து, உள்ளே பளீரென்ற வெள்ளை பெயின்ட் பூசினோம். பெட்டியின் அடியில் பால் நிற அக்ரிலிக் தகடு. நேர் வெயில் கண்ணில் குத்தாது, அறை முழுக்கப் பரவும். பெட்டியின் மேல் ஓரத்தில் நாலு விரல் இடைவெளி விட்டு நுளம்பு வலை அடித்திருக்கிறது. சூடான காற்று அதன் வழியாகக் கூரைக்குள் போய்விடும், அறைக்குள் இறங்காது. சீற்றின் மிச்சப் பகுதிக்கு அடியில் அலுமினியப் படலம்.

இனி கணக்கு. சீற் 9,200. பிளைவூட் 5,500. அக்ரிலிக் 4,000. கம்பி வலை 2,500. ஆணி, வோஷர், சிலிக்கன் 2,800. அலுமினியப் படலம் 1,800. பெயின்ட் 2,000. முகக்கவசம், பொலித்தீன் 900. ஏற்றுகூலி 1,000. சாமான் எல்லாம் சேர்த்து 29,700. ஓடாவிக்கு நாளுக்கு 5,000, உதவியாளுக்கு 3,500, மூன்று நாளைக்கு 25,500. ஆக மொத்தம் 55,200 ரூபா. மூன்று நாளும் பகல் சாப்பாடு எங்கள் வீட்டில், அதை எழுதுவது மரியாதை இல்லை.

"கரண்ட் பில் குறைஞ்சிருக்குமே" என்கிறார்கள். 2022 இல் 75 வீதம், 2023 இல் 66 வீதம் என்று கூட்டிய பிறகு யாருக்கும் அந்த நினைப்புத்தான் முதலில் வரும். ஆனால் 9 வோட்ஸ் பல்பு பகல் முழுக்க எரிந்தாலும் மாதத்துக்கு மூன்று, நாலு யூனிட்தான். பில்லை நினைத்து இந்த வேலையைச் செய்தால் போட்ட காசு பேரப்பிள்ளை காலத்தில்தான் திரும்பி வரும். கிடைக்கிற வெளிச்சம் வேறு கதை. உச்சி வெயிலில், பாதிக்கு மேல் வழியில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த நாலு சதுர அடியால் வருவது அந்தப் பல்பு மாதிரிப் பத்துக்குக் குறையாது. மழை இருட்டிலும் ஒரு பல்பின் அளவுக்குக் கிடைக்கிறது.

கார்த்திகை மழையில் முதல் வாரம் ஒரு சொட்டு விழுந்தது. ஓடாவிக்குச் சொன்னதும் அடுத்த நாளே வந்து ஒரு வோஷரை மாற்றிவிட்டுக் காசு வாங்காமல் போனார். மழை பெய்யும்போது சத்தம் முன்பைவிடக் கூடத்தான், அதை மறைக்கவில்லை. பெட்டிக்குள் தூசும் எறும்பும் சேரும், வருடத்துக்கு ஒரு தரம் அக்ரிலிக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

மாமி முழுதாக மாறிவிட்டா என்று சொல்ல மாட்டேன். பெயர்களை மறக்கிறா, என்னைச் சில நேரம் மூத்த சகலனின் பெயரால் கூப்பிடுகிறா. ஆனால் இரண்டு மணிக்கு எழும்புவது இப்போது மாதத்தில் ஓரிரு தரம்தான். காலையில் வெளிச்சம் அலுமாரியில் விழுகிறது, பிறகு மெல்ல இறங்கிக் கட்டிலுக்கு வருகிறது. அது தலையணையைத் தாண்டினால் லுஹருக்குக் கிட்ட என்று தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறா. முதல் பௌர்ணமி அன்று மட்டும் எங்களை எழுப்பி, "லைட்ட நூக்காம படுத்திட்டீங்களே, பில் கூடும்" என்று ஏசினா.

கழற்றிய பழைய சீற் உடையாமல் கிணற்றடியில் சாய்த்து வைத்திருக்கிறது. கோழிக்கூட்டுக்குக் கேட்டவர்களுக்கு, வெட்டுவதில்லை என்றால் மட்டும் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது மதினி தன் குசினிக்கு ஆறு கண்ணாடி ஓடு வாங்கிவிட்டா, வருகிற சனிக்கிழமை ஓடாவி வருகிறார். அவரிடம் வேலை கொடுக்க விரும்புகிறவர்கள் அன்றைக்கு எங்கள் வளவுக்கு வந்து நேரே பேசிக்கொள்ளலாம். மாமியின் அறையைப் பார்க்க வேண்டும் என்றால் பெண்கள் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வாருங்கள், அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.