தாயார் வளர்த்த கொடி

பெருமுக்கல் மலைப்பாறையின் வெக்கை வீட்டுக்குள்ளும் புகுந்த ஒரு கோடையில் என் தாயார் வபாத்தானார்கள். அவர்கள் வளர்த்த, வெண்மை விரவிய மணிபிளாண்ட் கொடி வாடிவிடுமோ என அஞ்சி, நாளும் இருவேளை நீரூற்றினேன். இலைகள் மஞ்சளாயின, வேர் அழுகிற்று. வேருக்கும் காற்று வேண்டும், மேல்மண் காய்ந்த பின்பே நீர் வார்க்க வேண்டும் என்பதைப் பிறகே அறிந்தேன்.

எஞ்சிய தண்டைக் கணுவோடு வெட்டி, புட்டி நீரில் இட்டுக் கிதாபு அலமாரியில் வைத்தேன். வேர் விட்டது, ஆயினும் அவ்விருளில் தளிர்கள் வெண்மை குன்றியே வந்தன. வெண்பகுதியில் பச்சையம் இல்லை. கொடிக்கு உணவு ஆக்குவது பசும்பகுதியே. நேர்வெயில் படாத சன்னலோரம் மாற்றினேன். அடுத்த தளிர் வெண்கோடுகளுடன் விரிந்தது. இலையை மென்றால் வாய் எரியுமாதலால், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இக்கொடி செல்வம் சேர்க்கும் என்பர் சிலர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. எனக்கு இது தந்தது, அன்புக்கும் அளவு வேண்டும் எனும் பாடமே.