மேசையில் உறங்கிய தாள்

தமிழ் பயிற்றுவிப்போருக்கும் அலுவலகச் செயல்முறைகளை வரைபடமாக்கும் பணிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவக்கூடும். எங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. எனினும் கல்லூரியின் அகத் தர உறுதி மையம், தமிழ், வணிகவியல், கணினி அறிவியல் துறைகளிலிருந்து எங்கள் மூவரைக் குழுவாக்கி, ஒரு சான்றிதழ் வழங்க ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று கண்டறியப் பணித்தது.

காரணம் இருந்தது. இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, அறக்கட்டளை ஒன்றின் உதவித்தொகைக்காகப் 'போனஃபைடு' சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தாள். 11ஆம் நாள் அது கைக்கு வந்தபோது கடைசித் தேதி கடந்திருந்தது. அப்பருவக் கட்டணத்துக்காக அவள் தாயின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று.

இப்போது இருக்கும் நிலை, இருக்கவேண்டிய நிலை என இரண்டு வரைபடங்கள் வேண்டும் என்று வணிகவியல் நண்பர் விளக்கினார். முன்னதை வரையாமலே பின்னதற்குத் தாவுவோர்தாம் மிகுதியாம். வழக்கை ஆராயாமல் இலக்கணம் எழுதப் புகுவது போன்ற பிழை அது. இதில் மட்டும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஆகவே விதி என்ன சொல்கிறது என்று கேட்பதை விட்டு, புதிய விண்ணப்பம் ஒன்றின் பின்னாலேயே நடந்தோம்.

இம்முறைக்கு நெடிய வரலாறு இருக்கிறது. கொத்து வேலையில் தொழில் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத், செங்கல் அடுக்குவோரின் அசைவுகளை எண்ணிக் குறைத்தவர். அவரும் மனைவி லில்லியனும் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறை வரைபடத்தை முன்வைத்தனர். அவ்வழியில் அச்சங்கம் 1947இல் தரப்படுத்திய குறியீடுகள் ஐந்து: செய்பணிக்கு வட்டம், இடப்பெயர்ச்சிக்கு அம்பு, சரிபார்ப்புக்குச் சதுரம், சேமிப்புக்கு முக்கோணம், தாமதத்துக்கு ஆங்கில 'டி' எழுத்து. அந்த 'டி' எங்கள் கண்ணுக்கு அரைநிலாவாகத் தெரிந்தது.

சார்ட் அட்டையில் வரைந்து முடித்தபோது அரைநிலாக்கள் மண்டிக் கிடந்தன. வகுப்புப் பொறுப்பாசிரியர், துறைத்தலைவர், கட்டணப் பிரிவு, எழுத்தர், கண்காணிப்பாளர், முதல்வர், மீண்டும் எழுத்தர் எனத் தாள் ஏழு முறை நின்றது. எழுதவும் சரிபார்க்கவும் ஒப்பமிடவும் ஆன நேரம் மொத்தம் 35 நிமிடம். மற்ற நாளெல்லாம் அது படுத்துக் கிடந்தது. யாரும் சோம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எழுத்தர் ஒருவரே மூன்று பதிவேடுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

கடிகாரமும் குறிப்பேடுமாக நாங்கள் திரிவதைக் கண்ட அலுவலக உதவியாளர், "என் வேலைய எடுத்துடுவாங்களா ஐயா?" என்று கேட்டார். அச்சம் ஆதாரமற்றதன்று. மைக்கேல் ஹாமர் 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருக்க, மாஸ்டாவில் அவ்வேலைக்கு ஐவரே இருந்ததைச் சொல்கிறார். முறையை மாற்றிய ஃபோர்டு 75 விழுக்காடு ஆட்களைக் குறைத்தது அதில் வெற்றிக்கதை. குறைக்கப்பட்டவர்களின் கதையை யாரும் வரைபடமாக்கியதாகத் தெரியவில்லை.

அப்படி எதுவும் நேராது என்று உறுதி சொன்ன பிறகுதான் அவர் மனம்விட்டுப் பேசினார். "அந்தப் பிள்ளையோட தாளா? தமிழ்த்துறைல நாலு நாள் கெடந்துச்சுங்க. விடைத்தாள் கட்டுக்கு அடியில."

அவளுடைய வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் மேசை, இதை எழுதுகிற எங்கள் மேசை. அலுவலகத்தின் மெத்தனத்தை அம்பலப்படுத்தவே புறப்பட்டிருந்தோம். ஒப்பத்தின் கீழே எங்கள் கையாலேயே எழுதிய தேதி நாலு நாளைக் கூசாமல் காட்டியது. அட்டையில் அந்த இடத்தில் ஓர் அரைநிலாவைச் சிவப்பில் வரைந்தோம்.

துறையின் இரண்டு ஒப்பங்களும் எதைச் சரிபார்க்கின்றன என்று பார்த்தோம். மாணவி இங்கே பயில்கிறாளா என்பதைச் சேர்க்கைப் பதிவேடே சொல்லிவிடும். இரண்டையும் நீக்கச் செய்தோம். கட்டணப் பாக்கிக்கும் இச்சான்றிதழுக்கும் தொடர்பில்லை என்று வாதிட்டோம்; நிர்வாகம் இணங்கவில்லை. கணினி நண்பர் மென்பொருள் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாத படிகளைக் கணினியில் ஏற்றி என்ன பயன் என்று அப்போதைக்குத் தள்ளிவைத்தோம். இப்போது சான்றிதழ் மூன்றாம் நாள் கிடைக்கிறது. உதவியாளரும் இருக்கிறார்.

படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அம்மாணவியிடம் நடந்ததைச் சொன்னோம். "தெரியும் ஐயா. ஆபீஸ் அண்ணன் அப்பவே சொன்னாங்க" என்றாள். தோட்டை மீட்டாகிவிட்டதா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.