உம்மாவின் முழங்கால்

குந்துதல், மண்டியிடுதல், சம்மணமிடுதல் என அமரும் நிலைகளுக்குத் தமிழில் எத்துணைச் சொற்கள்! இவற்றின் நுண்பொருள் வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கி வருகின்றோம். எனினும், இவற்றுள் ஒன்றேனும் எம் உம்மாவால் இயலாமற்போன செய்தி எமக்குப் புலனாக நெடுநாள் ஆயிற்று.

உம்மா பத்தமடைக்காரர், பாய் நெய்தவர். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, தாமிரபரணி நீரில் ஊறவைத்து, தரையோடு தாழ்ந்த தறியில் மடங்கியமர்ந்து நெய்யும் தொழில் அது. மணமக்கள் பெயர் பொறித்த பாய்கள் எத்தனையோ அவர் கைவழி போயின. முழங்கால் போனதை மட்டும் அவர் எவரிடமும் சொன்னாரில்லர். உறவினர் திருமணங்களுக்கு ஏதேனும் சாக்குச் சொல்லி வாராதிருந்தார். அவ்வீடுகளில் குந்தியமரும் கழிப்பறையே உண்டு என்பதுதான் காரணமென யாம் எங்ஙனம் அறிவோம்?

விடுமுறைக்குச் சென்ற ஒருநாள், அஸர் வேளையில், ஸஜ்தாவிலிருந்து எழ இயலாது அவர் சுவர்வரை தவழ்ந்து சென்றதைக் கண்டோம். எம்மைக் கண்டதும், "பாத்துட்டியா வாப்பா" என்றார். நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டே என்று எடுத்துரைத்தோம். படித்தவன் பேச்சு! "அது எனக்குத் தெரியாதா? நெத்தி தரையில படாம மனசு ஒப்பலை" என்றார்.

எம் பிழையையும் ஈண்டுச் சொல்லிவிடல் வேண்டும். கால் வலிக்கிறது என்று அவர் என்றோ சொன்னபோது, "வயதானால் வரத்தான் செய்யும்" என்ற ஊர்ப்பேச்சையே யாமும் பேசினோம். மருத்துவரைக் கேளாது வலிமாத்திரை வாங்கி மாதந்தோறும் அனுப்பினோம். அம்மாத்திரைகளை நெடுநாள் உண்டால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும் என்பதைப் பின்னரே கேட்டறிந்து நடுங்கினோம்.

எலும்பின் முனையைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு தேய்வதே இந்நோயின் தொடக்கம். பெண்டிர்க்கே மிகுதி, குந்தியும் மண்டியிட்டும் பல்லாண்டு உழைப்போர்க்கு எளிதில் வரும். தேய்ந்தது மீண்டும் வளராது. ஆயின், வலிக்கிறதென்று காலை அசையாது வைத்தால் தொடைத்தசை மெலிந்து, மூட்டு மேலும் சுமை தாங்கும். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி இல்லம் வந்த இயன்முறை மருத்துவரே இதனை உம்மாவுக்கு விளங்கவைத்தார். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, சற்றே நிறுத்தி, மெல்ல இறக்குதல், அவ்வளவே பயிற்சி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், அடிதோறும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையுமாம். இக்கணக்கு உம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரவுச் சோற்றைத் தாமே குறைத்தார்.

ஆறு திங்களில் வாசற்படியைச் சுவர் பற்றாது ஏறினார். தரையில் நெற்றி வைக்க இன்றும் இயலவில்லை. தாம் நெய்த பாயை விரித்து, அதன்மேல் நாற்காலி இட்டுத் தொழுகிறார். மாற்று மூட்டு அறுவையைப் பற்றிக் கேட்டால், "பொறு, பாப்போம்" என்கிறார்.

சென்ற திங்கள் மேலப்பாளையத்தில் ஒரு நிக்காஹ். வண்டியில் ஏறுமுன், "அங்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?" என்று தயங்கிக் கேட்டார். அதனை முதல்நாளே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தோம்.