திரியில் ஏறாத எண்ணெய்

ஒலக்கூரில் எங்கள் ஆயா வீட்டு மாடவிளக்குக்குக் கலப்பு எண்ணெய்தான் ஊற்றுவார்கள். கொட்டமுத்து எண்ணெய் ஒரு பங்கு, மல்லாட்டை எண்ணெய் இரண்டு பங்கு. எங்கள் பக்கத்தில் ஆமணக்கு விதையைக் கொட்டமுத்து என்போம், நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கை ஊன்றிவைப்பது வழக்கம். புழு முதலில் ஆமணக்கு இலைக்குப் போகும், மல்லாட்டை தப்பிக்கும். அந்த ஆமணக்கில் காய்த்தது மட்டும் வீட்டுப் பெண்களுக்கு. ஆயா அதை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பாள்.

கொட்டமுத்து எண்ணெய் நின்று எரியும். ஒரு கரண்டி ஊற்றினால் இரவில் வெகுநேரம் தாங்கும். ஆனால் கெட்டி. தனியாக ஊற்றினால் திரியில் சரியாக ஏறாது. எண்ணெய் வந்து சேரும்முன் திரி தன்னையே எரித்துக்கொள்ளும், நுனியில் கரி கட்டும், சுடர் சுருங்கிப் புகையும். நான் ஆத்திரத்தில் திரியை இழுத்து இழுத்து விடுவேன்.

"திரியத் திட்டாத பாப்பா. எண்ணெய் அதுக்கு ஏறல."

ஆயா மல்லாட்டை எண்ணெயைக் கலந்து இளக்கி ஊற்றுவாள். மார்கழியில் எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்போரம் சற்று நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஊற்றுவாள். பழைய வேட்டித் துணியைத் திரிக்கும்போது இறுக்க விடமாட்டாள். "இறுக்கிட்டா அதுக்கு வழியில்ல" என்பாள். மண்ணெண்ணெய் கலந்தால் சீக்கிரம் ஏறுமே என்று நான் கேட்டபோது, "ஏறும். வீட்டையும் ஏத்திட்டுப் போயிடும்" என்றாள்.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்களுக்கு ஊர்ப்பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று பெயர். மல்லாட்டையில் டி.எம்.வி. 7, ஆமணக்கில் டி.எம்.வி. 5 என்று தாத்தாவுக்கு எண்கள் மனப்பாடம். வெள்ளாமை தெரிந்த மனிதர் என்று ஊரில் அவருக்குப் பேர். அந்த இரண்டு எண்ணெயையும் எந்த அளவில் கலந்தால் விளக்கு எரியும் என்று தெரிந்த ஆயாவை யாரும் எதுவும் தெரிந்தவளாகச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. திருக்கோவிலூர் இடைகழியில், மழை இருட்டில், முதலாழ்வார்கள் விளக்கேற்றிப் பாடிய கதையைப் பதினைந்து வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். நெய் எதற்கு உருவகம், திரி எதற்கு உருவகம் என்று கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஆயாவின் கிண்ணம் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

அது நினைவுக்கு வந்தது 2023-இல், எங்கள் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக் கூட்டத்தில். ஐந்து உறுப்பினர்களில் நான் ஒருத்திதான் பெண். விடுதியில் பைகளைச் சோதித்தபோது, என்னிடம் படிக்கும் இரண்டாம் ஆண்டுத் தமிழ் மாணவி ஒருத்தியின் பையில் மின் சிகரெட் ஒன்றும், சின்னக் குப்பி ஒன்றும் கிடைத்திருந்தன. தமிழ்நாடு அதை 2018-இலேயே தடை செய்துவிட்டது. 2019-இல் ஒன்றிய அரசின் சட்டமும் வந்தது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, சேமித்து வைப்பது எல்லாம் குற்றம். அந்தச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு பிரிவு, பெண்ணுக்கு ஒரு பிரிவு கிடையாது.

குப்பியைத் தூக்கிக் காட்டி ஒருவர் கேட்டார். "இதுல என்ன கலந்திருக்க?"

கஞ்சாவா என்று கேட்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"தண்ணி சார். ஊசி மருந்து கலக்கறதுக்கு மருந்துக்கடையில விப்பாங்களே, அந்தத் தண்ணி. நாலு சொட்டுதான். உள்ள பஞ்சுத் திரி இருக்கு சார். இது ரொம்ப கெட்டியா இருந்ததால அதுல ஏறல. பஞ்சு கருகிடுது, அடைச்சிக்குது. அதான் கொஞ்சம் இளக்கினேன்."

யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். "விஞ்ஞானி" என்றார். இன்னொருவர், "பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். ஆயாவின் குரலில் என் மாணவி பேசியதைக் கேட்டுக்கொண்டு, நான் மேசை மேலிருந்த தாளைப் பார்த்தேன்.

அவள் சொன்னது சரிதானா என்று பின்னாளில் வேதியியல் துறைத் தோழியிடம் கேட்டேன். கரும்பலகையில் வரைந்தே காட்டினார். மின் சிகரெட் திரவத்தில் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்: கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால். கிளிசரின் மூலக்கூறில் மூன்று இடங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அது தேன்போல் கெட்டி. புரோப்பிலீன் கிளைக்காலுக்கு அந்தக் கைகள் இரண்டுதான், அதனால் இளக்கம். கிளிசரின் கூடினால் புகை அடர்த்தியாக வரும், ஆனால் பஞ்சில் மெதுவாகத்தான் ஏறும். சூடாகும் கம்பிச்சுருள் பஞ்சை உலர்த்தும் வேகத்துக்குத் திரவம் வந்து சேராவிட்டால் பஞ்சு கருகும். துளி தண்ணீரோ, கூடுதல் புரோப்பிலீன் கிளைக்காலோ அதை இளக்கும்.

"விளக்கெண்ணெயும் இதே கதைதான்" என்றார் தோழி. அதிலுள்ள கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலம். மல்லாட்டை எண்ணெயில் இல்லாத அந்தக் கை இதில் இருக்கிறது. அதனால்தான் விளக்கெண்ணெய் மற்ற சமையல் எண்ணெய்களைவிடப் பல மடங்கு கெட்டி. திரி எண்ணெயை மேலே இழுப்பது நுண்புழை ஏற்றம். பரப்பு இழுவிசை மேலே இழுக்க, எண்ணெயின் கெட்டித்தன்மை அதைத் தாமதப்படுத்துகிறது.

பரப்பு இழுவிசையைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ஆக்னஸ் பொக்கல்ஸைத் தெரிந்துகொண்டேன். 1862-இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். தம்பி இயற்பியல் படித்தார். ஆக்னஸ் வீட்டில் இருந்து பெற்றோரைக் கவனித்தார், சமைத்தார், பாத்திரம் துலக்கினார். துலக்கும் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் நீர்ப்பரப்பு மாறுவதைப் பார்த்து, அதை அளக்க ஒரு தகரத் தொட்டியைத் தானே செய்துகொண்டார். 1891-இல் தன் அளவுகளை எல்லாம் எழுதி இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு ஒரு கடிதம் போட்டார். ரேலி அதைப் படித்து, 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அந்த ஆண்டே அது அச்சில் வந்தது. ஆக்னஸின் தொட்டியை ஒட்டிப் பின்னாளில் ஆய்வை வளர்த்த லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ரேலியைத்தான். அவர் செய்தது பெரிய காரியம் என்று சொல்லிவிட முடியாது. முகம் தெரியாத ஒரு பெண் சொன்னதைக் கவனித்தார், அது கேட்கப்பட வேண்டிய இடத்துக்கு அனுப்பினார். அந்த அறையில் என்னால் அதுகூட முடியவில்லை.

அவள் செய்தது சரி என்று நான் வாதிட வரவில்லை. நிகோட்டின் பிடித்தால் விடாது. திரவத்தை இளக்குகிறேன் என்று எதையாவது கலப்பது உயிரை வாங்கும். 2019-இல் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதித்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சாறு நிரப்பிய குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப்பசைப் பொருளுக்கு அதில் முக்கியப் பங்கு இருந்தது. விளக்கில் எரிகிற எண்ணெய் நுரையீரலுக்குள் போகக் கூடாது. தண்ணீரோடு நிறுத்திக்கொண்ட அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று நாங்கள் ஐந்து பேரும் கேட்கவில்லை. எப்போதிருந்து பழக்கம், விட முடியாமல் தவிக்கிறாயா என்றும் கேட்கவில்லை. யார் வாங்கிக் கொடுத்தது, எந்தப் பையன், ராத்திரி யாருடன் பேசுகிறாய் என்று கேட்டோம். கேட்டது மற்ற நால்வர். ஆனாலும் 'கேட்டோம்' என்றுதான் எழுத வேண்டும்.

அப்பாவை வரவழைத்தார்கள். விடுதியிலிருந்து நீக்கம் என்று தீர்மானம். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், கடைசிப் பேருந்து மாலை ஆறு மணிக்கு. விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். நான்காவதாக என் கையெழுத்து இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அஞ்சல் வழியில் சேரப்போவதாகச் சொன்னாள். துறை அறையில் உட்காரவைத்து, அதை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். விட்டுவிட்டதாகச் சொன்னாள். எங்கள் ஆயாவின் விளக்கைப் பற்றிச் சொன்னேன். நீ அன்றைக்குச் சொன்னது சரி, அதில் எண்ணெய்ப்பசை எதையும் கலக்காமல் இருந்ததும் நல்லது என்று நுரையீரல் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் போன வாரம் அலுவலகத்தில் குழுவின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். 2022-இல் சைக்கிள் நிறுத்தத்தின் பின்னால் இதே பொருளோடு பிடிபட்ட மூன்று மாணவர்களின் விசாரணை அதில் இருக்கிறது. ஏழு வரி. "தடை செய்யப்பட்ட பொருள்" என்று எழுதியிருக்கிறது. மன்னிப்புக் கடிதம், ஐந்நூறு ரூபாய் அபராதம், எச்சரிக்கை. அவளுடைய விசாரணை ஒன்றரைப் பக்கம். அதில் "ஒழுக்கம்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது ஒரு வரிகூடப் பதிவாகவில்லை.

இரண்டு பக்கங்களையும் படியெடுத்து, அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னும் வைத்தேன். ஒரே பொருளுக்கு ஒரே நடவடிக்கை, விசாரணைக்கு வருகிறவர் சொல்வது அவர் சொற்களிலேயே பதிவாக வேண்டும், பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது பரிசீலனையில் இருக்கிறது. அவளை மீண்டும் விடுதியில் சேர்ப்பது பற்றிக் கேட்டேன். முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது. அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.