ஓப்ரா ஏறிய பேருந்து

ஓப்ரா வின்ஃப்ரே கதையைத் தன்னம்பிக்கைப் பாடமாகவே சொல்கிறோம். 1954-இல் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினச் சிறுமி, சாக்குத் துணியில் தைத்த சட்டை, ஒன்பது வயதிலிருந்து பாலியல் வன்கொடுமை. பிறகு ஒரே தாவலில் 1986, நாடு முழுக்க ஒளிபரப்பான அவரது நிகழ்ச்சி.

நடுவில் ஒரு பேருந்தை விட்டுவிடுகிறோம். மில்வாக்கியில் அவர் அம்மா வீட்டு வேலை பார்த்தார். ஏழை மாணவர்களுக்கான 'அப்வர்ட் பவுண்ட்' என்ற அரசுத் திட்டம்தான் ஓப்ராவை வசதியான புறநகர்ப் பள்ளியில் சேர்த்தது. அவரோடு அதே பேருந்தில் போனவர்கள், அங்குள்ள வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்குச் சென்ற கறுப்பினப் பெண்கள். திறமை அவருடையதுதான், மறுக்கவில்லை. பள்ளிக் கதவைத் திறந்தது திட்டம்.

விடுதி மாணவிகளிடம் இதைச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்த பஸ்ல போன மத்தவங்களோட பிள்ளைங்க எங்க படிச்சாங்க?"

அவள் அம்மாவும் வீட்டு வேலைக்குத்தான் போகிறார்.