கைக்கு ஒரு கல்லூரி

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நடிகைகளின் மூக்குதான். 2023-இல் அக்கா மகள் நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, பிளாஸ்டிக் சர்ஜன் ஆகப்போவதாக அறிவித்தபோது என் பெரியப்பா கேட்டார்: “இவ்வளவு படிச்சுப்புட்டு யாரு மூக்கம்மா நிமித்தப் போற?”

அவள் பதில் சொல்லவில்லை. சிவகாசிப் பெண். அவர்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். எங்கள் பக்கம் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அவருக்குக் கை போனது பட்டாசில் அடைக்கும் மருந்தால். உயிர் பிழைத்துப் புண்ணும் ஆறிவிட்டது. ஆறிய விதம்தான் சிக்கல். ஆழமான தீப்புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். சுருங்கும்போது பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அந்த அம்மாவின் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி நின்றுவிட்டன, கட்டைவிரல் விரியாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அவருக்குத் தலை பின்னிவிடுவதும் ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவதும் என் அக்கா மகளின் வேலை. அந்தத் தழும்பை விடுவித்து, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டி, விரலை நிமிர்த்துகிற வேலைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி என்றுதான் பெயர். பெரியப்பாவுக்கு இதை நான்தான் விளக்கினேன். “அப்படிச் சொல்லு, அது வேற” என்றார்.

அவளுடைய தரவரிசைக்கு மூன்று கல்லூரிகள் கிடைக்கலாம் என்று கணக்குப் போட்டோம். சென்னை ஸ்டான்லி, மதுரை, விருதுநகர். ஸ்டான்லி 1938-இல் தொடங்கியது, மதுரை 1954-இல். விருதுநகர், 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. அன்றைக்கு அங்கிருந்து ஒரு தொகுதி மாணவர்கள்கூடப் படித்து வெளியே வந்திருக்கவில்லை. அத்தானுக்கு விருதுநகர். பஸ் ஏறினால் வீடு. அக்காவுக்கு ஸ்டான்லி, காரணம் கேட்டால் “பேரு” என்பாள். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸாப்பில் நீளமாக ஒரு குரல்செய்தி அனுப்பினான்: “எந்த காலேஜ்ல ரிசர்ச் ஜாஸ்தியோ, எங்க பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மெண்ட் பெருசோ, அங்க போகச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.”

அவன் சொன்னது அவன் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடிந்ததும் நேராக ஆறு வருடப் பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சிக்குப் போகலாம். அங்கே அதிகப் போட்டி உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. 2022 ஜனவரியிலிருந்து அவர்களுடைய உரிமத் தேர்வின் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான். வடிகட்ட ஒரு எண் குறைந்துபோனதால் மற்றவற்றின் எடை கூடிவிட்டது. எந்தக் கல்லூரி, அந்தத் துறையில் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், சிபாரிசுக் கடிதம் எழுதிய பேராசிரியரை மற்றவர்களுக்குத் தெரியுமா என்பதெல்லாம் பேசும். சொந்தக் கல்லூரியில் அந்தத் துறை இல்லாத மாணவருக்குக் கடிதம் வாங்குவதே பெரும்பாடு. அங்கே பதினெட்டு வயதில் இல்லாவிட்டாலும் இருபத்திரண்டு வயதில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பாதி அறுவைச் சிகிச்சைத் துறையையே தேர்ந்தெடுப்பதுதான்.

இங்கே கதை வேறு. ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். பிறகு நீட் பி.ஜி. தேறி மூன்று வருடம் எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை. பிறகு நீட் எஸ்.எஸ். தேறி மூன்று வருடம் எம்.சிஎச். நடுவில் ஒரு நாள்கூட வீணாகாமல் போனாலே பதினொன்றரை வருடம். (இருபத்திரண்டு வயதில் எனக்கு முதல் சம்பளம் வந்துவிட்டது. அதில் வாங்கிய செல்போன்கூட நினைவிருக்கிறது.) நீட் பி.ஜி. என்பது 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய், எத்தனை இரவு விழித்தாய் என்று அந்தத் தரவரிசை கேட்காது. எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவை தனியாகத் தேர்வு நடத்துகின்றன. அதுவும் நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற தேர்வுதான். பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கு மாநில முதுநிலை இடங்களில் பாதி உண்டு; அந்த வழியிலும் கல்லூரியின் பெயருக்கு வேலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்வரிசை ரேங்க் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ரேடியாலஜிக்கும் தோல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் போகிறார்கள். எம்.எஸ். சர்ஜரி அதற்கப்புறம்தான் நிரம்புகிறது. அடுத்த படியில், நெஞ்சக அறுவைச் சிகிச்சையிலும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சையிலும் எம்.சிஎச். இடங்கள் காலியாகக் கிடப்பது வாடிக்கை. பிளாஸ்டிக் சர்ஜரி அப்படியில்லை, அதற்கு ஆள் நிற்கிறது. ஆனால் இந்தப் பாதையின் எந்த முனையிலும், இந்தப் பிள்ளைக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட வருமா என்று யாரும் சோதிப்பதில்லை. மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள்கூட நாலு வரி எழுதச் சொல்லிப் பார்க்கிறோம்.

அப்படியென்றால் எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன? நான் எக்செல் ஒன்று திறந்து வைத்திருந்தேன். தொழில் புத்தி. தூரம், விடுதி, படுக்கைகள், துறைகள் என்று பத்தி பத்தியாக. என்னோடு பள்ளியில் படித்த ஒரு சர்ஜனிடம் அதைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

“கூட்டத்தப் பாக்காதடா. கூட்டத்துக்கும் கத்திக்கும் நடுவுல எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாரு.”

மேசைக்கு முன்னால் சீஃப். அவருக்கு எதிரே உதவிப் பேராசிரியர். பிறகு மூத்த பி.ஜி., இளைய பி.ஜி. அவர்களுக்குப் பின்னால் ஹவுஸ் சர்ஜன். அவர் தோளுக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். மாணவர், ஸ்டூல் கிடைத்தால் அதன்மேல். பெரிய மருத்துவமனையில் எல்லா நோயும் வரும், ஆனால் பார்க்கிறவன் ஆறாவது ஆள். பி.ஜி.க்கள் குறைவான இடத்தில் ஹவுஸ் சர்ஜனே எதிர்ப்பக்கம் நின்று உதவலாம். ஆனால் அங்கே அரிய கேஸ் வந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நண்பன் படித்தது பெயர் பெற்ற ஒரு பெரிய கல்லூரியில். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் தான் அதிகம் செய்த வேலை ரத்தக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு நடந்தது என்றான்.

எக்செல்லில் ‘மேசையிலிருந்து எத்தனையாவது ஆள்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதை நிரப்ப எந்தக் கையேட்டிலும் விவரம் இல்லை. மூன்று ஊர்களிலும் படிக்கும் மாணவர்களைத் தேடிப்பிடித்துப் போன் செய்தோம். மூன்று ஊரிலும் ஒரே பதில்: “அது யூனிட்டப் பொறுத்ததுண்ணா. சீஃப் நல்லவரா இருந்தா கூப்ட்டு வச்சுச் சொல்லிக் குடுப்பாரு.” யூனிட்டைக் கலந்தாய்வில் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் ஸ்டான்லி பக்கம். கை அறுவைச் சிகிச்சைக்கு இந்தியாவில் முதலில் சொல்லப்படும் இடங்களில் ஒன்று அது, ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த துறை. இதற்கு முன்னால் 1940-களின் கடைசியில் வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம்மாற்றி நிமிர்த்தத் தொடங்கியிருந்தார். கை என்று வந்தால் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருக்கும்போது அதன் வாசலிலேயே படிக்கட்டுமே என்பது என் வாதம். இளநிலையில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் கிடைப்பது சொற்ப நாட்கள் என்றாலும், ஆசை உள்ள பிள்ளை மாலையில் தானே போய் நிற்கும். பதினொன்றரை வருடம் ஒரு ஆசை உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அது அடிக்கடி கண்ணில் பட வேண்டும்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதுரையை முதலில் போட்டாள்.

“ஸ்டான்லில நல்லா ஆபரேஷன் பாக்கலாம் மாமா. ஆனா எங்க ஊர்க் கை மதுரைக்குத்தான வரும்?”

அது உண்மை. சிவகாசிப் பக்கம் வெடிவிபத்து என்றால் கடுமையாகக் காயம்பட்டவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. அவள் சொல்லவந்தது அது மட்டுமில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கும் அங்கே ஒருமுறை ஆபரேஷன் நடந்து கட்டைவிரல் விரிந்தது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் இரவில் கட்டை வைத்துக் கட்ட வேண்டும், பயிற்சிக்கு வர வேண்டும். இரண்டு தடவை போனார். ஒருநாள் போய்வந்தால் துணைக்கு வரும் மகளுக்குச் சம்பளம் போகிறது. விட்டுவிட்டார், தழும்பு பழையபடி இழுத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்த மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. “வாரா வாரம் ஊருக்கு வருவேன்ல, எனக்குத் தெரியும்” என்றாள் இவள்.

என் வாதம் தவறென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. படிக்கப் போகிறவள் அவள்.

இப்போது மூன்றாம் ஆண்டு. வகுப்பில் பாதிப் பேர் நுழைவுத் தேர்வுச் செயலிக்குச் சந்தா கட்டிவிட்டார்களாம். வார்டில் வருகைப்பதிவு முடிந்ததும் கூட்டம் நூலகத்துக்குப் போய்க் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டைக் கொடுக்கப்போவது வார்டு இல்லையே. இவளும் கேட்டாள், நான்தான் பணம் கட்டினேன். இரவு ஒன்றரை மடங்கு வேகத்தில் பாடம் ஓடுகிறது.

பகலில் தீக்காய வார்டில் கட்டு மாற்றும் நேரத்துக்குப் போய் நிற்பதாகச் சொன்னாள். சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும், அப்படியும் கத்துவார்களாம். பேச்சுக் கொடுத்தால் கொஞ்சம் அடங்குவார்கள் என்பதால் சிஸ்டர் இவளைத் தலைமாட்டில் நிறுத்திவிடுகிறார். எந்த ஊரு, எந்தப் பட்டறை, எத்தனை பிள்ளைங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போன வாரம் சர்ஜரி யூனிட்டில் ஒரு பி.ஜி. அவள் கையில் முதல்முறையாகக் கத்தரிக்கோலைக் கொடுத்து இரண்டு தையலை விட்டுக்கொடுத்தாராம். போட இல்லை, பிரிக்க. அதற்கே அரை மணி நேரம் போனில் பேசினாள்.